அம்மாவுக்குக் கொதிப்பு ஏறிவிடும்

அன்பு மகள் பெரியவளுக்கு அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதியது. இங்கே நான், உன் அப்பா, சின்னவள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கி, எழுந்ததும் யார்மேலும் எரிந்து விழாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசியாயிற்றே, அப்புறம் கடிதம் எதற்கு என்று உன் அப்பா கேட்கிறார். போனில் பேசுவது வைத்ததும் போய்விடுகிறது, காகிதம் என்றால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம் என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். உன்னோடு வேலை பார்க்கிற பெண் லீவு முடிந்து நாளைக் காலை கிளம்புகிறாளாம், போகிற வழியில் இங்கே வந்துவிட்டுப் போவாள். அவள் கையில் இதையும் இரண்டு தலையணை உறையையும் கொடுத்தனுப்புகிறேன். உறை நானே இஸ்திரி போட்டது, மடிப்பு கலையாமல் வந்து சேர்ந்ததா என்று மறக்காமல் சொல்.

வேலை செய்கிற இடத்துக் கதை ஒன்று இருக்கிறது, கேள். எங்கள் ஓட்டல் சலவைக் கூடத்தில் பாய்லரின் மீட்டர் முள் ஒரு வாரமாக நடுக்கோட்டில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசருக்கு நாங்கள் விசில் என்று பேர் வைத்திருக்கிறோம், வாயைத் திறப்பதற்கு முன்னால் மூக்கிலிருந்து ஒரு விசில் வந்துவிடும். அவன் தினமும் வந்து முள்ளைப் பார்த்துவிட்டு, "பாருங்க, ஒரு சத்தம் உண்டா, ஒரு குறை உண்டா, நீங்களும் இருக்கீங்களே" என்று எங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவான். நேற்றுப் பாய்லர் மாமா வந்து, என்னடா இது அசையவே மாட்டேன் என்கிறது என்று மீட்டர் கண்ணாடியில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அவ்வளவுதான், முள் துள்ளிக்கொண்டு சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. முள் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, உள்ளே அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. மாமா வால்வைத் திறந்ததும் ஊ என்று ஒரு சத்தம். விசில் கையில் இருந்த தேநீரோடு அழுக்குத் துணிக்கூடைக்குள் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் ஆறு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு துணியை மடிக்கிற மாதிரி குனிந்துகொண்டோம். அவனைக் கூடையிலிருந்து தூக்கிவிட ஒருத்தியும் போகவில்லை.

என் உடம்பைப் பற்றி நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. போன வருடம் நர்ஸம்மா கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து, கொதிப்பு இருக்கிறது என்று பயமுறுத்தினாளே, அதெல்லாம் இறங்கி அடங்கிவிட்டது. நான் இப்போது யார்மேலும் கோபப்படுவதில்லை. விசில் என்ன சொன்னாலும் சரிங்க என்று போய்விடுகிறேன். உன் அப்பாவும் திருந்திவிட்டார். முன்பெல்லாம் அவர் கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும், இப்போது பூனை மாதிரி வந்து பூனை மாதிரி போகிறார், மனுஷன் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று சின்னவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நெருப்பே இல்லாத அடுப்பில் எது கொதிக்கும், நீயே சொல். சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதயம், மூளை, நரம்பு என்று நடத்துகிறார்களாம். என் வயிற்றிலிருந்து வந்துவிட்டு, என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். இதை எழுதும்போது என்னை முறைக்கிறாள். முறைத்தாலும் எழுதுடி என்கிறேன். நீ அனுப்பிய நீலப் பூப்போட்ட கோப்பை போன வாரம் உடைந்துபோய்விட்டது. எல்லாம் சின்னவளின் கைராசி, எதைத் தூக்கினாலும் கவனமே கிடையாது. நான் திட்டவில்லை. இன்னொன்று வாங்கி அனுப்பாதே, அதையும் உடைத்து வைப்பாள்.

நீ வேலை பார்க்கிற வீட்டுப் பெரியவரை நன்றாகப் பார்த்துக்கொள். அவருடைய மருமகள் ஒன்று சொன்னால் நீ இரண்டு சொல்லாதே, அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, நானே விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு. தலையைத் துவட்டாமல் படுக்காதே. ஈரத்துணியை மடிக்காதே, காயப்போட இடமில்லை என்றால் நாற்காலி முதுகில் போடு, ஆனால் அந்த, அது என்னது, சுவரில் இருக்குமே, சூடாக, அதன்மேல் போடாதே, போட்டால் துணி, துணி வந்து,

அக்கா, இதற்குமேல் நான்தான். அம்மா சொன்னது அந்தத் "துணி வந்து" என்கிற இடத்தில் நின்றுவிட்டது. சுவரில் இருக்கிற ஹீட்டரைத்தான் சொல்ல வந்தாள், கொஞ்ச நேரம் வார்த்தையைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை, தூக்கம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். பிறகு எப்போதும் செய்கிற மாதிரி கடைசித் தாளில் கையெழுத்தை மட்டும் போட்டாள். "வழுக்குது, என்ன பேனா வாங்கி வெச்சிருக்கே" என்று என்னைத் திட்டிக்கொண்டே போட்டு, தாளை இரண்டாக மடித்துக் கையில் கொடுத்து, "மிச்சத்தை நீயே முடிச்சிடு, எப்பவும் எழுதற வாழ்த்தை எழுது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். இத்தனை வருடமாக வந்த கடிதம் எல்லாம் என் எழுத்துதான், ஆனால் அதில் ஒரு வரிகூட என்னுடையது கிடையாது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மா சொல்லாததை எழுதுகிறேன். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே விளக்குப் போட்டால் மட்டும்தான் அவர்கள் படுத்திருக்கிற இடத்தில் வெளிச்சம் விழாது. குழாய் சொட்டுகிற சத்தத்துக்கே எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

கோப்பையை நான் உடைக்கவில்லை. அம்மா எழுதச் சொன்னாள், எழுதினேன். போன வாரம் சாயங்காலம் அம்மா அதில் தேநீர் ஊற்றி வலது கையில் எடுத்தாள். விரல்கள் கோப்பையைப் பிடித்திருந்தன, பிறகு பிடிக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. கை சுட்டுக்கொண்டு உதறியதுபோல் இல்லை, கை தூங்கிப்போய்விட்டதுபோல் இருந்தது. தேநீர் கால்மேல் கொட்டியது, அம்மா கத்தவே இல்லை, அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது. நான் என்னம்மா என்னம்மா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். ஒரு பாட்டுக் கேட்கிற நேரம்கூட ஆகியிருக்காது, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. கையை உதறிப் பார்த்தாள், விரலை மடக்கிப் பார்த்தாள், "மரத்துப்போச்சுடி, நாள் முழுக்க இஸ்திரி பிடிச்ச கை" என்று சிரித்தாள். அப்புறம் சில்லுகளைப் பெருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அக்காகிட்ட மூச்சு விட்டே, எனக்குக் கொதிப்பு ஏறிடும். ஏறினா நீதான் காரணம். அப்பா கால் முறிஞ்சப்போ ஓடி வந்து இருந்த வேலையைத் தொலைச்சவ அவ. மறுபடி அதே கதை வேணாம்." நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ போனபிறகு இந்த வீடு எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியாது அக்கா. ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாரும் சிரிப்பது மட்டும்தான் உனக்குக் கேட்கும். போன் அம்மாவுடையது, ஸ்பீக்கரைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவாள், நான் என்ன சொன்னாலும் அவள் காதைத் தாண்டித்தான் உன்னிடம் வர வேண்டும். நர்ஸம்மா கொதிப்பு என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் எல்லாரும் நெருப்பை அணைக்கிற வேலையில்தான் இருக்கிறோம். அப்பா பஸ் டிப்போவிலிருந்து வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறார். மதிப்பெண் குறைந்தால் நான் சொல்வதில்லை. மேல்வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிப்பதற்கு முன்னால் வந்து அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போகிறார். அம்மாவுக்கும் இது பழகிவிட்டது. எதையாவது இல்லை என்று சொல்லிப் பார், உடனே நெஞ்சில் கையை வைத்து, "ஏறுது" என்பாள். அப்பா அந்த நொடியே சரி சரி என்று விடுவார். டிவியில் எதைப் பார்ப்பது என்கிற சண்டையில்கூட அம்மாவின் ரத்தம்தான் ஜெயிக்கிறது. அப்பா ஒருநாள் என்னிடம் ரகசியமாக, "உங்கம்மாவை எதிர்த்துப் பேசற ஒரே ஆளு இப்ப விசில்தான்டா" என்றார். அப்போது சிரித்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், மாத்திரை சாப்பிட்டாயா என்று அம்மாவைக் கேட்கக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை. கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் கொதிப்பு ஏறும், கொதிப்பு ஏறக்கூடாது என்றால் கேட்கக்கூடாது. கேட்காமல் இருந்தால் மாத்திரை இல்லாமல் ஏறுகிறது. எந்தக் கதவைத் தள்ளினாலும் அதே அறைக்குள்தான் வந்து நிற்கிறேன்.

ஆமாம், அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். எப்போது என்று சரியாகத் தெரியாது, அட்டைகள் மாவு டப்பாவுக்குப் பின்னால் பிரிக்காமலே இருக்கின்றன. ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். அடுத்த தடவை பட்டை கட்டிப் பார்த்தபோது அளவு நன்றாக இறங்கியிருந்தது. சரியாகிவிட்டது, சரியானதற்கு அப்புறம் மருந்து எதற்கு என்று நிறுத்திவிட்டாள். மாத்திரை பிடித்து வைத்திருந்ததால்தான் இறங்கியது என்று அவளிடம் யார் சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது. அதில் ஒரு மாத்திரை உடம்பில் இருக்கிற உப்பையும் தண்ணீரையும் சிறுநீராக வெளியே அனுப்புகிற மாத்திரை. அதைச் சாப்பிட்டால் அடிக்கடி எழுந்து போக வேண்டும். விசில் கழிப்பறைக் கதவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "என்னம்மா, ஊர்த் தண்ணி பூரா நீதான் குடிச்சியா" என்று எல்லார் முன்னாலும் கேட்டானாம். அதை அம்மா எங்களிடம் ஜோக்காகத்தான் சொன்னாள். மறுநாளிலிருந்து அந்த மாத்திரை நின்றுவிட்டது. தண்ணீர் குடிப்பதும் நின்றுவிட்டது, அந்த நீராவிச் சூட்டில் நாள் முழுக்க நின்றுகொண்டு. டாக்டர் வேறு, நரம்பெல்லாம் இறுகிப்போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது ரத்தக் குழாயை. நம் வீட்டில்தான் ஊசி போடுகிற இடமும் நரம்பு, சுளுக்கினாலும் நரம்பு, எல்லாமே நரம்புதானே. அம்மா கடைக்குப் போய் நரம்புக்குத் தெம்பு கொடுக்கிற மருந்து என்று கேட்டு ஒரு சிவப்பு டானிக் வாங்கி வந்து அதை மட்டும் நாள் தவறாமல் குடிக்கிறாள். கேட்டால், "நரம்புக்குத்தான் மருந்து சாப்பிடறேனே" என்கிறாள்.

எல்லாவற்றுக்கும் அந்த வார்த்தைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கொதிப்பு என்று சொன்னால் யாருக்குமே அடுப்பும் கோபமும்தான் நினைவுக்கு வரும். அதிலும் அம்மா பாய்லர் பக்கத்தில் நிற்கிறவள், நெருப்பைக் குறைத்தால் கொதி அடங்குவதைத் தினமும் கண்ணால் பார்க்கிறாள். கோபத்தை விட்டுவிட்டேன், கொதிப்பு போய்விட்டது என்று அவள் நம்புவதில் என்ன ஆச்சரியம்? ரத்தம் கொதிக்கவே இல்லை அக்கா. எங்கள் அறிவியல் டீச்சர் கரும்பலகையில் இதயத்தை வரைந்து காட்டினார்கள். நம் கையை மூடினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அது. கீழறை சுருங்கும்போது ரத்தத்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் குழாயின் சுவரில் மோதுகிற அழுத்தம்தான் மேலே எழுதுகிற எண். அடுத்த துடிப்புக்கு முன்னால் இதயம் தளர்ந்து நிரம்பும்போது குழாயில் மிச்சம் இருக்கிற அழுத்தம் கீழே எழுதுகிற எண். குழாய்களுக்குச் சுற்றிலும் தசை இருக்கிறது, அது இறுகினால் வழி குறுகிவிடும், அதே ரத்தத்தைத் தள்ள இதயம் இன்னும் பலமாக இடிக்க வேண்டும். இடித்து இடித்து ஒரு பக்கம் இதயம் தடித்துப்போகிறது, இன்னொரு பக்கம் குழாயின் உள்சுவர் தேய்ந்து சொரசொரப்பாகிறது. இதில் எதுவும் வலிக்காது. கோபப்பட்டால் ஏறும், உண்மைதான், ஆனால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அம்மாவுடையது அவள் சிரிக்கும்போதும் ஏறித்தான் இருக்கிறது, தூங்கும்போதும் ஏறித்தான் இருக்கிறது. மீட்டர் கதையை அம்மா சொல்ல நான் எழுதும்போது எனக்கு விரல் நின்றுபோய்விட்டது. அந்த முள் மாதிரிதான் அக்கா அம்மாவும். வெளியே பார்த்தால் நடுக்கோட்டில் சமர்த்தாக நிற்கிறாள்.

அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். குழாய், தசை என்று நான் ஆரம்பித்ததும், "எனக்கே இஸ்திரி போட்டுக் காட்டறியா" என்றாள். பரிவு நரம்பு என்று ஒன்று இருக்கிறது, பயந்தாலோ கோபப்பட்டாலோ அதுதான் இதயத்தை வேகமாக ஓடச் சொல்கிறது, குழாயை இறுக்குகிறது, அதற்கு எதிராக இன்னொரு நரம்பு வந்து அடக்குகிறது, நாம் சொல்லி இது எதுவும் நடப்பதில்லை, அது பாட்டுக்கு நடக்கிறது என்று சொன்னேன். அம்மாவுக்கு அந்தப் பேர் மட்டும் பிடித்துப்போய்விட்டது. "பரிவுன்னு பேர் வெச்சுக்கிட்டு மனுஷனை ஓட ஓட விரட்டுதா, உங்கப்பாவோட அக்கா மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். பேச்சு அத்தோடு போய்விட்டது. இப்போது இந்த வாளிமேல் உட்கார்ந்திருக்கும்போது அந்த நரம்பு எனக்குள் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிகிறது. காதுக்குள் டப்டப் என்று கேட்கிறது, உள்ளங்கை ஈரத்தில் தாள் ஒட்டுகிறது, வாய் உலர்ந்துவிட்டது. எது எதனால் என்று பாடத்தில் படித்தேன். படித்துவிட்டால் பயம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

உனக்கு அந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்தபோது சொன்னதை நீ போனில் எங்களுக்குச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? பெரியவருக்குத் திடீரென்று ஏதாவது ஆனால் சிரிக்கச் சொல், இரண்டு கையையும் தூக்கச் சொல், ஒரு வாக்கியம் பேசச் சொல், முகம் கோணினாலோ ஒரு கை இறங்கினாலோ பேச்சு குழறினாலோ காத்திருக்காதே, படுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே என்று. கோப்பை உடைந்த மறுநாள் அம்மாவிடம் விளையாட்டுப்போல் கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டையும் தூக்கி, "என்னடி, திருடியைப் பிடிச்சுட்டியா" என்றாள். இரண்டும் நேராக நின்றன. அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் டீச்சரிடம், என் தோழியின் அம்மாவுக்கு என்று சொல்லிக் கேட்டேன். டீச்சர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மூளைக்குப் போகிற குழாயில் உறைந்த ரத்தம் ஒரு துளி அடைத்துவிட்டுத் தானே விலகியிருக்கலாம், விலகியதால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை, அடுத்தது விலகாமல் போகலாம், இடது பக்க மூளைதான் வலது கையையும் பேச்சையும் பார்த்துக்கொள்கிறது, இன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல் உன் தோழியை, என்றார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "கேக்கலாம்டா, ஆனா மெதுவாக் கேக்கணும், நல்ல நேரமாப் பாத்துக் கேக்கணும்" என்றார். அப்பா இன்னும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா வேலையிலிருந்து வந்தால் களைத்திருக்கிறாள், காலையில் அவசரத்தில் இருக்கிறாள், நடுவில் சிரித்துக்கொண்டிருக்கிறாள், அதைக் கெடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நான் சொன்னேன் என்று சொல்லாமல், நீயாகக் கேட்பதுபோல் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்லச் சொல். நீ சொன்னால் கேட்பாள். நீ தூரத்தில் இருக்கிறாய், உன்மேல் கோபம் வந்தாலும் உன் முன்னால் நெஞ்சில் கையை வைத்துக்கொள்ள முடியாது. நீ வர வேண்டாம், வேலையை விட வேண்டாம், கேட்டால் மட்டும் போதும். இரண்டாவது தாள் முடிந்துவிட்டது. வாழ்த்தைக் கடைசித் தாளில் எழுதிவிட்டு ஒட்டிவிடுகிறேன்.

அக்கா, அந்தத் தாளை இப்போதுதான் பிரித்தேன். கீழே கையெழுத்தைப் பார். அம்மா என்றுதானே எப்போதும் போடுவாள். உன் தலையணைக்கு அடியில் இருக்கிற பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். கடைசி எழுத்துக்குக் கால் இல்லை. எழுத மறந்துவிட்டாள் என்று முதலில் நினைத்தேன். மறக்கவில்லை, கால் வர வேண்டிய இடத்தில் பேனாவை வைத்த புள்ளி இருக்கிறது. புள்ளி மட்டும்தான் இருக்கிறது, கை அதற்குமேல் வரவில்லை. மற்ற எழுத்தும் வரியில் நிற்காமல் படியில் இறங்குவதுபோல் சரிந்து போயிருக்கிறது. பேனா வழுக்கவில்லை அக்கா. இவ்வளவு நேரமும் இதே பேனாவில்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் போய்ப் பார்க்கிறேன்.

எழுப்பிவிட்டேன். கையைத் தூக்கச் சொன்னேன். இடது கை வந்தது, வலது கை பாதி வந்து போர்வைமேல் விழுந்துவிட்டது. நான் அப்பா என்று கத்தினேன். இந்த வீட்டில் யாரும் அவ்வளவு சத்தமாகக் கத்தி எவ்வளவு நாள் ஆயிற்று. மேல்வீட்டில் விளக்கு எரிந்தது. அப்பா ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, செருப்புப் போடாமல் எதிர்வீட்டு டாக்சிக்காரரை எழுப்ப ஓடினார், கதவைப் படார் என்று சாத்திவிட்டு. என்னை அம்மா பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் கேட்கிறாள், கொடுக்கவில்லை, விழுங்க முடியாமல் போனால் ஆபத்து என்று நீதான் ஒருநாள் பெரியவரைப் பற்றிச் சொன்னாய். ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறேன். "ஏன்டி கத்தறே" என்று கேட்டாள், அது வேறு மாதிரி வந்தது, ஆனால் எனக்குப் புரிந்தது. கோபமாகத்தான் பார்க்கிறாள். பார்க்கட்டும். ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் தாளை வைத்து எழுதுகிறேன். தாளைப் பார்த்துவிட்டாள். என்னவோ கேட்டாள், இரண்டாவது தடவைதான் விளங்கியது, முடிச்சியா என்று கேட்கிறாள். அதனால் முடிக்கிறேன். நீ இதைப் படிப்பதற்குள் அப்பா உனக்குப் போன் செய்திருப்பார். இருந்தாலும் இது உன்னிடம் வர வேண்டும், முதல் தாள் அம்மா சொன்னது. மேல்வீட்டுக்காரர் படியில் இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது, காலையில் உன் தோழி வந்தால் கொடுக்கச் சொல்லி இதையும் தலையணை உறைகளையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். டாக்சி சத்தமும் கேட்கிறது.

நீ இருக்கிற இடம் உனக்கு ஒத்துப்போகட்டும். செய்கிற வேலை கையில் நிலைக்கட்டும், படுத்த இடத்தில் நல்ல தூக்கம் வரட்டும். யாருக்கும் பயந்து நடக்காதே, உனக்குப் பயந்து யாரும் நடக்கும்படியும் வைத்துக்கொள்ளாதே. ஈரத்துணியை மடிக்காதே.

இப்படிக்கு, எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்

அம்ம